கணக்குப் பார்க்காத நாட்கள்

மாலத்தீவின் ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்டில் ஒரு தம்பதிக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

மாலத்தீவின் வேலானா விமான நிலைய வாசலைத் தாண்டினால், நம் ஊரில் ஆட்டோவும் டாக்ஸியும் நிற்கிற தூரத்தில் படகுகள் நிற்கின்றன. விமான நிலையமே ஒரு தீவு. உள்ளே ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் ஒரு சின்ன கவுண்ட்டர், பெயர்ப்பலகையோடு ஓர் ஊழியர். அவர் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்து டிக் அடித்து, பெட்டியில் ஒரு சீட்டைக் கட்டுகிறார். அதற்குமேல் ஊர் திரும்பும் நாள்வரை அந்தப் பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை. பர்ஸையும் அநேகமாகத் திறக்க வேண்டியதில்லை. தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் டீ, காபி, பழச்சாறு, விரும்புவோருக்கு மது, கடலில் முகம் புதைத்து மீன் பார்ப்பதற்கான கண்ணாடி என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாகிவிட்டது. டிராவல் ஏஜெண்ட்டுகள் ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று சொல்வது இதைத்தான்.

மற்ற ஊர்களில் இது ஒரு சௌகரியம். இங்கே தேவை. மாமல்லபுரத்தில் ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகவில்லை என்றால் வெளியே நடந்து ஒரு பரோட்டாக் கடையைப் பிடித்துவிடலாம். மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். பத்து, பதினைந்து நிமிடத்தில் சுற்றி நடந்து முடித்துவிடக்கூடிய மணல்திட்டில் வேறு கடையே கிடையாது. ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ள நாட்டில் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. ரிசார்ட்டுகளோ 170-ஐத் தாண்டிவிட்டன. ‘ஹாஃப் போர்டு’ (காலை, இரவுச் சாப்பாடு மட்டும்) எடுத்துப் போனவர்கள், மதியம் ஒரு சாண்ட்விச்சுக்கும் இரண்டு பாட்டில் தண்ணீருக்கும் டாலரில் போட்ட பில்லைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலைச் சாப்பாட்டையே மாலைவரை தாங்கும்படி சாப்பிடுவார்கள். ஓய்வெடுக்க வந்த இடத்தில் அப்படியொரு கவலை தேவையில்லை. செலவு முதலில் கூடுதலாகத் தெரிந்தாலும் தம்பதியாகப் போகிறவர்கள் ஆல் இன்க்ளூசிவையே எடுக்கவேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

விலையில்லாத மெனு கார்டு

புதுமணத் தம்பதிகளின் மாலத்தீவுப் படங்கள் எல்லோருடைய போனிலும் வந்து விழுகின்றன. நான் எழுத நினைப்பது நடுவயதுத் தம்பதிகளைப் பற்றி. கல்யாணமான புதிதில் குலதெய்வம் கோயில், மறுவீடு, நாலு வீட்டு விருந்து என்று முடிந்துபோன தலைமுறை எங்களுடையது. பிறகு வீட்டுக்கடன், பிள்ளைகளின் பொதுத்தேர்வு, பெரியவர்களின் ஆஸ்பத்திரி. எங்கே போனாலும் குடும்பமாகவே போனோம். போன இடத்திலும் பெண் சமைத்தாள், அல்லது யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று யோசித்து ஆர்டர் செய்தாள். ஆண் பில் கட்டினார். இருவருக்கும் விடுமுறை கிடைத்ததே இல்லை.

பையன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் நாங்கள் இருவரும் கிளம்பினோம். முதல் நாள் இரவு உணவகத்தில் கொடுத்த மெனு கார்டை என் கணவர் வழக்கம்போல வலது பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அங்கே விலை இல்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “என்னங்க தேடுறீங்க?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தனக்குப் பிடித்ததை மட்டும் பார்த்து ஆர்டர் செய்தார். வறுத்த மீனும் சூப்பும். எங்கள் வீட்டில் ஓட்டலுக்குப் போனால் கடைசியாக, மலிவாக எது இருக்கிறதோ அதைத் தனக்கென்று சொல்கிறவர் அவர். அதை நான் பழக்கம் என்று நினைத்திருந்தேன். கணக்கு அது.

எனக்கு வேறு மாதிரி. காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. பால் வைக்க வேண்டாம், மாவு எடுத்து வெளியே வைக்க வேண்டாம், டிபன் பாக்ஸ் இல்லை. பதினொரு மணி வாக்கில் மனம் தானாகவே மதியக் குழம்புக்குப் போனது. இந்த நினைப்பு அடங்க எனக்கு நேரம் பிடித்தது. முதல் நாள் நாங்கள் பேசியதெல்லாம் வீட்டைப் பற்றித்தான்: பால்காரருக்குச் சொல்லியாச்சா, மோட்டார் சுவிட்சை அணைத்தோமா. பிறகு அந்தப் பேச்சு தீர்ந்துபோனது. தீர்ந்தபின் கொஞ்ச நேரம் இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பேச்சுதான் நாங்கள் கட்டிய பணத்துக்குக் கிடைத்தது. கல்லூரி முடித்த வருடம் கப்பல் வேலைக்கு மனு எழுதி, உறையில் போட்டு ஸ்டாம்ப்பும் ஒட்டி, அப்பாவுக்குப் பயந்து தபாலில் சேர்க்காமலே வைத்திருந்ததை ஒரு மாலையில் அவர் சொன்னார். இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியாத செய்தி அது.

ஒரு குடும்பத்தில் இருவரும் நாள்பூராவும் எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகள் எத்தனை என்று நின்றால்தான் தெரிகிறது. என்ன சமைப்பது, எவ்வளவு செலவாகும், யார் போவது. இவற்றை யாரோ சில நாள் வாங்கிக்கொண்டால் மிஞ்சுவது இரண்டு மனிதர்கள். ஸ்பா, பூ தூவிய குளியல்தொட்டி, மெழுகுவர்த்தி விருந்து எல்லாம் அதற்கு மேலே தூவுகிற கொத்தமல்லி.

சாப்பாட்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பஃபேயில் பாதி உலகம் பரப்பி வைத்திருப்பார்கள். அதில் ஓர் ஓரத்தில் ‘மாஸ் ஹுனி’ இருக்கும். உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்பு. இவற்றைக் கையால் பிசைந்து, ‘ரோஷி’ என்ற மெல்லிய ரொட்டியோடு தருகிறார்கள். மாலத்தீவு மக்களின் காலைச் சாப்பாடே இதுதான். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளிலும் இலங்கையிலும் மாசிச் சம்பல் தின்று வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே வீட்டு நினைப்பு வரும். அந்த மாசிக் கருவாடு நூற்றாண்டுகளாக இங்கிருந்துதான் நம் பக்கம் வந்துகொண்டிருந்தது. வலை போடாமல், தூண்டிக்கழியால் ஒவ்வொன்றாகச் சூரை பிடிக்கும் முறையை மாலத்தீவு மீனவர்கள் இன்றைக்கும் விடவில்லை.

கூடாரத்திலிருந்து வந்த யோசனை

எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் என்ற யோசனை பணக்காரர்களுக்காகப் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் பில்லி பட்லின் 1936-ல் ஸ்கெக்னஸ் கடற்கரையில் தொடங்கிய விடுமுறை முகாம் தொழிலாளர் குடும்பங்களுக்கானது. 1950-ல் பெல்ஜியத்து வாட்டர் போலோ வீரர் ஜெரார்ட் பிளிட்ஸ், ஸ்பெயினின் மயோர்கா தீவில் கூடாரங்கள் அடித்து ‘கிளப் மெட்’டைத் தொடங்கினார். போரில் சோர்ந்த ஐரோப்பியர்களுக்குக் கடலும் வெயிலும் கூட்டுச் சாப்பாடும். பின்னாளில் அங்கே மது வாங்கக்கூடப் பணம் எடுத்துப்போக வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் கோத்திருந்த மணிகளைக் கழற்றிக் கொடுத்தால் போதுமாக இருந்தது. தம்பதிகளுக்கு மட்டும் என்று ஒரு ரிசார்ட் ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் 1978-ல் வந்தது. 1981-ல் அதே நாட்டின் மாண்டிகோ பேயில் கார்டன் ஸ்டூவர்ட் தொடங்கிய ‘சாண்டல்ஸ்’ அதை உலகமறிந்த தொழிலாக்கியது.

மாலத்தீவின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1960-களில் வந்த ஐ.நா. குழு, இந்தத் தீவுகள் சுற்றுலாவுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டுப் போனது. 1972 பிப்ரவரியில் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியப் பயண ஏற்பாட்டாளர் ஒரு சிறு குழுவைக் கூட்டிவந்தார். அவர்களை வீடுகளில் தங்கவைத்துப் பார்த்துக்கொண்ட உள்ளூர் இளைஞர்கள், அதே வருடம் அக்டோபரில் விஹாமனாஃபுஷி தீவில் 30 அறைகளோடு ‘குரும்பா’வைத் திறந்தார்கள். பவளக்கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை, குழாயில் உப்புக் கரிக்கும் தண்ணீர். சுமார் ஐந்து லட்சம் பேர் வாழும் அந்த நாட்டுக்கு 2024-ல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள்.

ஓய்வுக்குப் பின்னால் ஓடும் வேலை

அந்த மணல்திட்டில் ஆறு இல்லை, வயல் இல்லை. குளிக்கிற தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்து எடுத்தது. மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர், இப்போது சில இடங்களில் சூரியத்தகடுகளும். மீனும் தேங்காயும் போக மேசைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை கப்பலிலோ விமானத்திலோ வந்தவை. அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை போன்றவற்றை 1981 வர்த்தக உடன்பாட்டின்படி இந்தியா ஒவ்வோர் ஆண்டும் அளவு நிர்ணயித்து அனுப்புகிறது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் தோணிகள் பல தலைமுறைகளாகத் தலைநகர் மாலேவுக்குச் சரக்கு ஏற்றுகின்றன. பஃபேயில் நான் தொட்டுக்கொண்ட வெங்காயம் அப்படியொரு தோணியில் வந்ததாகவும் இருக்கலாம்.

நேரத்தைக்கூட மாற்றி வைத்திருக்கிறார்கள். மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலேவைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கின்றன. காலையில் நிதானமாக எழுந்தாலும் வெயில் மிச்சமிருக்கும், மாலை நீளும். ஊருக்குத் திரும்பும் நாளில் மட்டும் விமானம் எந்த நேரக் கணக்கில் என்று இரண்டு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

ரிசார்ட்டுகளில் வேலை செய்கிறவர்களில் வங்கதேசத்தவர், இலங்கையர், நேபாளியர், கேரளத்தவர், நம்மவர் எல்லோரும் உண்டு. காலையில் தோசைக்கல் முன்னால் நின்ற இளைஞர் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, “அக்கா, கெட்டிச் சட்னி தனியா எடுத்து வச்சிருக்கேன், கொண்டு வரவா?” என்றார். சிவகங்கைப் பக்கம். கல்யாணமான சில மாதங்களில் வேலைக்கு வந்தவர். வருடத்துக்கு ஒருமுறைதான் நீண்ட விடுப்பு. ஊழியர் குடியிருப்பு தீவின் நடுவில், செடிகள் மறைத்த சுவருக்குப் பின்னால். ஓர் அறையில் பல பேர்.

“வீட்ல வீடியோ கால் பேசும்போது பின்னாடி கடல் தெரியாத மாதிரி கிச்சன் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன்க்கா. கடலைப் பார்த்தா அதுக்கு ஏக்கமாயிரும். எப்பக் கூட்டிட்டுப் போவீங்கன்னு கேக்கும். இங்க ஒரு ராத்திரி வாடகை என் சம்பளத்துக்கு எட்டாது” என்றார். புகாராகச் சொல்லவில்லை. கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டபடி, நடப்பைச் சொன்னார். “லீவுல போறப்ப கொடைக்கானல் போகலாம்னு இருக்கோம்க்கா. சாப்பாடும் சேர்த்துத் தர்ற இடமாப் பார்த்து வச்சிருக்கேன். அங்க வந்தும் அது அடுப்படியில நிக்கக் கூடாதுல்ல.”

இருவர் சேர்ந்திருக்கிற சில நாட்களுக்காக எத்தனையோ பேர் தங்கள் துணையைப் பிரிந்து இருக்கிறார்கள் என்பதை இந்த விடுமுறைக்குப் போகிற ஒவ்வொருவரும் மனதில் வைக்கவேண்டும். பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் உண்டு, அது ஊழியர்களுக்குப் பகிர்ந்து தரப்படுவது. அதற்குமேல் அறையைத் துடைத்துத் துண்டில் அன்னம் செய்து வைக்கிறவருக்கும் பரிமாறுகிறவருக்கும் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணம் இந்த இடத்தில் வரக்கூடாது. ரிசார்ட் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மழைக்காலத்தில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது, ஊழியர்களின் மனைவியோ கணவரோ வந்து சில நாள் தங்கிப் போக வழி செய்யலாம். அறை இருக்கிறது, படகு இருக்கிறது.

கிளிமீனும் மணலும்

ரிசார்ட் கரையிலிருந்து சில அடி நீந்தினாலே பவளப்பாறை விளிம்பு வந்துவிடும். நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள். என் கணவர் அதைப் போட்டுக்கொண்டு என் கையையும் பிடித்துக்கொண்டுதான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். முதலில் காதில் விழுந்தது ஒரு சத்தம், கற்கண்டை மெல்லுகிற மாதிரி. பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன் கூட்டம் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. பாறையில் படிந்த பாசிக்காக அவை சுண்ணாம்பையும் சேர்த்தே விழுங்குகின்றன. அரைத்து, மணலாகக் கழிக்கின்றன. மாலத்தீவில் உள்ள வக்காரு தீவின் பாறைகளில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் வேலை என்று கண்டது. காலைச் சுடாத அந்த வெள்ளை மணல் உயிருள்ளவை செய்தது.

அதனால்தான் பாறை செத்தால் தீவும் நிலைக்காது. 1998-ல் கடல் சூடேறியபோது ஆழமற்ற இடங்களின் பவளங்களில் பெரும்பகுதி வெளுத்து அழிந்தது. மீண்டு வந்துகொண்டிருந்ததை 2016 மறுபடி அடித்தது. நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. நாங்கள் பார்த்த பாறையிலும் சாம்பல் நிறத்தில் உடைந்த கிளைகள் நிறையக் கிடந்தன. இடையிடையே விரல் நீளத்துக்குப் புதுக் கிளைகள், நுனியில் ஊதா. அவற்றின்மீது காலை ஊன்றி நின்று போட்டோ எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. ஒரு மிதியில் பல வருட வளர்ச்சி போய்விடும்.

போகுமுன் கேட்க வேண்டியவை

ஆல் இன்க்ளூசிவ் என்ற பெயரில் எல்லாம் அடங்கிவிடுவதில்லை. விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் போகும் ஸ்பீட்போட் அல்லது கடல் விமானக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். கடல் விமானம் இருட்டியபின் பறக்காது. மாலையில் போய் இறங்கினால் ஒரு ராத்திரி மாலே பக்கம் தங்கவேண்டியிருக்கும். விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி. சுற்றுலாவுக்கான ஜி.எஸ்.டி. 2025 ஜூலை முதல் 17 சதவீதம். பசுமை வரி, ரிசார்ட்டுகளில் 2025 ஜனவரி முதல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். எந்தெந்த உணவகத்தில் சாப்பிடலாம், மினி பாரை எத்தனை முறை நிரப்புவார்கள், படகுப் பயணம் ஏதாவது உண்டா என்பதெல்லாம் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். சைவம் என்றால் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட்டால் நன்றாகவே செய்து தருகிறார்கள். மதுவையோ வழிபாட்டுச் சிலைகளையோ நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. பையில் சின்னப் பிள்ளையார் வைத்திருக்கும் வழக்கமுள்ளவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா இறங்கிய இடத்தில் இலவசம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் காலம், விலையும் உச்சம். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று. மழை வரும், போகும். கட்டணம் நன்றாகக் குறையும். யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமான பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வருவதும் இந்தக் காலத்தில்தான். உள்ளூர் மீனவர்கள் வருடத்தை 27 நட்சத்திரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 13, 14 நாள் என்று காற்றையும் மழையையும் கணித்துவந்தவர்கள். படகோட்டியிடம் கேட்டால் வானிலை ஆப்பைவிட விவரமாகச் சொல்வார்.

ரிசார்ட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்பினால் மாலத்தீவைப் பார்த்ததாகாது. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தபின், 2010 வாக்கில் மாஃபுஷி தீவு அதற்கு வழிகாட்டியது. அங்கே மது கிடையாது. பயணிகள் நீச்சலுடையில் குளிக்கத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் உடலை மூடிய உடை வேண்டும். செலவு, ரிசார்ட்டில் ஆவதில் ஒரு சிறு பங்குதான். சாயங்காலம் டீக்கடையில் ‘பஜியா’வும் ‘குல்ஹா’வும் சுடச்சுடக் கிடைக்கும், உள்ளே தேங்காயும் சூரையும். தெருமுனையில் கயிறு பின்னிய ‘ஜோலி’ நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

எங்களோடு படகில் வந்த மதுரைத் தம்பதி இரண்டையும் சேர்த்துத் திட்டம் போட்டிருந்தார்கள். முதலில் மாஃபுஷி, அங்கே மிச்சம் பிடித்த பணத்தில் கடைசி நாட்களுக்கு ரிசார்ட். அந்தக் கணவருக்கு அடுத்த வருடம் பணி ஓய்வு. “ரெண்டு பேரும் வீட்ல சும்மா இருக்கப் பழகணும்ல, அதுக்கு இங்க வந்து பழகிப் பார்க்கிறோம்” என்றார் அந்த அம்மா.